பெருநாள் டூட்டி

சுங்கை பாக்காப்,
10 ஜூன் 2024

மதிப்பிற்குரிய சாதிக் மாமாவுக்கு,

வணக்கம். ராமதாஸின் மகள் ரூபினி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நீங்களும் ரோஹானா மாமியும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தீர்களாம். போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் பினாங்கு போய் உங்கள் கடையில் கைலி வாங்கி வந்தார். 'சீனி முகம்மது அண்ட் சன்ஸ், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை' என்று பையில் இருந்ததைப் பார்த்ததும் அப்பா அந்தப் பையைக் கேட்டு வாங்கினார். கையால் நீவி நீவி மடித்து, டெலிபோனுக்கு அடியில் வைத்திருக்கிறார். பையில் உள்ள நம்பருக்குப் போட்டேன், பயன்பாட்டில் இல்லை என்று வருகிறது. அதனால்தான் கடிதம்.

பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. செபராங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் மருந்தகப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ராணுவச் சேவையில் ஊனமுற்றவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் முழுக்க இலவசம். அந்தச் சலுகை இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு இல்லை. அப்பா கிடங்கு ஒன்றில் காவலாளி, அம்மா கேண்டினில் வேலை. மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் கால் போனது பணியில் இருந்தபோதுதான் என்று அவரோடு வேலை செய்த ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு லா, வேற படிப்பு பாரு" என்கிறார். நீங்கள் இருவரும் ஒரே முகாமில் லாரி ஓட்டியவர்கள் என்று அம்மா சொன்னார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது.

மாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரூபினி

---

ஜார்ஜ் டவுன்,
2 ஜூலை 2024

அன்பு மகள் ரூபினிக்கு,

இறைவன் அருளால் நாங்கள் நலம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். ராமதாஸுக்கு மழைக் காலத்தில் வெட்டிய இடம் வலிக்கும். இப்போதும் வலிக்கிறதா?

உன் கடிதம் கண்டு மிகவும் சந்தோஷம். நீ பிறந்த நாற்பதாம் நாள் உன்னை வந்து பார்த்தேன். உன் அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் உன்னைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். கீழே போட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார்.

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். இருபது வருடம் ஆகிவிட்டது அம்மா. வயதாகிறது, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது, பல விஷயம் மறந்துபோகிறது. அலுவலகத்தில் பழைய பதிவுகள் இருக்கும், அவற்றைக் கேட்டுப் பார்ப்பதுதான் முறை. நான் ஏதாவது எழுதி, அது பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் உனக்குத்தான் சிக்கல்.

அந்த நாளைப் பற்றி அப்பா வீட்டில் பேசுவதுண்டா?

இத்துடன் அப்பாவுக்கு ஒரு கைலி அனுப்பியிருக்கிறேன். நீல நிறம் அவருக்குப் பிடிக்கும்.

நலம் நாடும்,
சாதிக்

---

சுங்கை பாக்காப்,
8 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? வலி இருக்கிறது, ஆனால் அப்பா சொல்லமாட்டார். மழை வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார், அதை வைத்துத் தெரிந்துகொள்வோம்.

நீங்கள் சொன்னதுபோல் பதிவைத் தேடினேன். அப்பாவின் பெட்டியிலேயே விசாரணை அறிக்கையின் நகல் இருந்தது. அதைப் படித்தேன். அப்பா அன்று விடுமுறையில் இருந்தாராம். முகாமுக்குச் சும்மா வந்தவர், ரேஷன் லாரியை அனுமதியில்லாமல் எடுத்து ஓட்டி, சரிவில் கவிழ்த்துவிட்டாராம். அதனால்தான் ஊன ஓய்வூதியமும் கிடைக்கவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அப்பா அப்படிப்பட்டவரா மாமா? அடுத்தவர் சைக்கிளைக்கூடக் கேட்காமல் தொடமாட்டார்.

காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை லாரிக்குப் பொறுப்பு நீங்கள் என்றும், நீங்கள் ஸ்டோரில் இருந்தபோது இது நடந்தது என்றும் அதில் இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. உங்களிடம் கேட்டு எழுதிய கிளார்க் எங்கேயோ தப்பு செய்திருக்க வேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்று நீங்கள் சொன்னால் சரிசெய்துவிடலாம். ஆகஸ்ட் 31 கடைசி நாள்.

அந்த நாளைப் பற்றி அப்பா பேசுவதில்லை. ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நோன்புப் பெருநாள் காலையிலும் ஆறு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு மணிவரை ஒரு வாய் சாப்பிடமாட்டார், தேநீர்கூட இல்லை. கேட்டால், "டூட்டி முடியட்டும்" என்பார். நாங்கள் இந்துக்கள், பெருநாளுக்கும் எங்களுக்கும் என்ன டூட்டி? சின்ன வயதில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உங்களுக்குத் தெரியுமா?

கைலி அழகு. அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு, கட்டாமல் பீரோவில் வைத்துவிட்டார்.

அன்புடன்,
ரூபினி

---

சுங்கை பாக்காப்,
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஆறு வாரமாகப் பதில் இல்லாததால் கவலையாக இருக்கிறது. கடிதம் கிடைத்ததா என்றும் தெரியவில்லை. இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரூபினி

---

ஜார்ஜ் டவுன்,
12 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விருப்பம்.

தாமதத்தை மன்னிக்க வேண்டும். மகள் ஷஹீராவின் நிக்காஹ் வேலை, கடையில் ஆள் பற்றாக்குறை, நடுவில் காலில் ஒரு புண். இப்படியே நாள் போய்விட்டது. ஆகஸ்ட் முடிந்துவிட்டது என்று தெரியும்.

மகளே, பழைய காகிதங்களைக் கிளறுவதால் யாருக்கு என்ன லாபம்? உன் கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். மூன்று வருடமும் என் பொறுப்பு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், ஏதோ உதவித்தொகை என்று சொல்லிக்கொள். தாய்மாமன் செய்வதாக நினைத்துக்கொள்.

இது விஷயமாக அப்பாவிடம் எதையும் கேட்காதே.

அன்புடன்,
சாதிக்

---

சுங்கை பாக்காப்,
30 செப்டம்பர் 2024

சாதிக் மாமாவுக்கு,

வணக்கம். சுகம். புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

என் இடம் போய்விட்டது. அடுத்த சேர்க்கைக்குத் திரும்ப மனுச் செய்யலாம், ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும் என்றார்கள். இப்போது பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே. முதல் வாரம் கால் வீங்கிவிட்டது. அப்பா வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

உங்கள் பணம் எனக்கு வேண்டாம். நான் கேட்டது இரண்டு வரி. அதைக் கேட்டதற்கு மூன்று வருடக் கட்டணம் கொடுக்கிறேன் என்கிறீர்கள். மருந்தகம் படிக்கப் போகிறவள்தான், ஆனாலும் இந்த அளவு கணக்கு எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரி உங்களுக்கு அவ்வளவு விலை என்றால் அதில் என்ன இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அப்பா பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "கால்ல புண்ணாமே. சக்கரை இருக்குறவன் செருப்பில்லாம நடக்குறானோ என்னமோ" என்றார்.

ரூபினி

---

சுங்கை பாக்காப்,
3 நவம்பர் 2024

மச்சான் சாதிக்குக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? எழுத்தெல்லாம் ராணுவத்தோட போச்சு, பேசுற மாதிரியே எழுதுறேன்.

பிள்ளை உனக்கு எழுதுனது எனக்குத் தெரியாது மச்சான். மனசுல வச்சுக்காத. அது ஒத்தக் கால்ல நிக்குதுன்னு அதோட அம்மா சந்திரிகா சொல்றா. ஒத்தக் கால்ல நிக்கிறது எப்படின்னு அதுக்கு நான்தானே கத்துக் கொடுத்திருப்பேன்.

நீ ஒண்ணும் எழுதிக் கொடுக்க வேணாம். உனக்குப் பென்ஷன் வருது. உன் மகன் இக்மல் நல்ல வேலையில இருக்கான்னு கேள்விப்பட்டேன், இப்ப ஷஹீராவும் புருஷன் வீட்டுக்குப் போயிருக்கு. சம்பந்தி வீட்டுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது சொன்னதுதான். என் தலைத் தீபாவளிக்கு நீ நின்னே, உன் பெருநாளைக்கு நான் நின்னேன். அவ்வளவுதான் விஷயம். ரோடு ஈரமா இருந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?

தீபாவளி முறுக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணுக்கு மேல தின்னாத, சக்கரை.

ராமதாஸ்

---

ஜார்ஜ் டவுன்,
5 ஜனவரி 2025

ரூபினிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அப்பா எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. திட்டியிருந்தால் இரண்டு மாதம் இன்னும் ஓட்டியிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு இருபது வருடமாகக் குறுகுறுக்கிறது, நான்தான் சர்க்கரை என்றும் வயது என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். எனக்கு எதுவும் மறக்கவில்லை. உன் முதல் கடிதத்தைப் பிரித்தபோதே எல்லாம் நினைவிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். முகாமில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்கு இந்துப் பையன்களின் டூட்டியை நாங்கள் பார்ப்போம், பெருநாளுக்கு எங்கள் டூட்டியை அவர்கள் பார்ப்பார்கள். பட்டியலில் பெயரை மாற்றமாட்டோம். மாற்றினால் அனுமதி வாங்க வேண்டும், அனுமதி கேட்டால் கிடைக்காது. மேலே உள்ளவர்களும் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். அந்த ஆண்டு தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. உன் பெற்றோருக்குத் தலைத் தீபாவளி. அவர் டூட்டியில் நான் நின்றேன். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வாரம் விடுமுறை இருந்தது. புது மனைவியை விட்டுவிட்டு, எனக்காக மூன்றாம் நாளே திரும்பி வந்தார். "போயி அம்மா கையால சாப்பிட்டுட்டு வாடா" என்று லாரிச் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பெருநாள் தொழுகை முடிந்து வீட்டில் உட்கார்ந்தேன். என் தாயார் ஹபீபா பீவி சோற்றில் இறைச்சி ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தார். காலை பத்து மணி. போன் வந்தது. கை கழுவாமலே ஓடினேன். முகாமின் பின்வேலி வழியாக நுழைந்தேன். "நீ எங்கே இருந்தாய்?" என்று அதிகாரி கேட்டார். அனுமதியில்லாமல் வெளியே போனவனுக்கு வேலை போகும். வாப்பா படுக்கையில், கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். "ஸ்டோரில்" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு முட்டுக் கொடுக்க ஒன்பது வார்த்தை தேவைப்பட்டது. ராமதாஸ் கேட்காமல் லாரியை எடுத்தான் என்றது அதில் ஒன்று. கிளார்க் தப்பு செய்யவில்லை அம்மா.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் உன் அப்பாவிடம் விசாரித்தார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாம் சார், நான் லீவில் இருந்தேன், சும்மா எடுத்தேன்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இருபத்தொரு வருடச் சேவையை முடித்து ஓய்வூதியம் வாங்கினேன். படைவீரர் பிள்ளை என்ற சலுகையில் என் மகன் இக்மல் படித்தான். உன்னைக் கையில் வாங்கிய அன்றோடு உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேன். பினாங்குக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு பாலம்தான். என்னால் தாண்ட முடியவில்லை.

பெருநாள் காலையில் அப்பா ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டாய். ஆறிலிருந்து பன்னிரண்டு என் டூட்டி நேரம். மாற்றுக்கு ஆள் வந்த பிறகுதான் சாப்பாடு. உன் அப்பாவுக்கு மாற்றுக்கு ஆள் வரவேயில்லை.

போன வாரம் ரோஹானாவையும் இக்மலையும் உட்காரவைத்துச் சொன்னேன். ரோஹானா அழுதாள். இக்மல் எழுந்து வெளியே போய்விட்டான், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். இத்துடன் இருக்கிறது. ஆகஸ்டில் வந்திருக்க வேண்டிய காகிதம் இது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் உன் அப்பா உடனே கொடுத்துவிடுவார்.

சாதிக்

---

சுங்கை பாக்காப்,
19 ஜனவரி 2025

சாதிக் மாமாவுக்கு,

மாமா என்று எழுதக் கூடாது என்று நினைத்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.

நலம் விசாரிக்க இன்று மனமில்லை.

அம்மாவுக்கும் இதெல்லாம் இப்போதுதான் தெரியும். தன் தலைத் தீபாவளிக்காக நடந்தது என்று தெரிந்ததும் அழவில்லை, கத்தவில்லை. அப்பாவோடு மூன்று நாளாகப் பேசவில்லை. "என்கிட்டகூடச் சொல்லலியே. இருபது வருஷமா லாரியத் திருடி ஓட்டுனவன் பொண்டாட்டின்னு பேரு வாங்கியிருக்கேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

காகிதத்தைக் கல்லூரியில் காட்டினேன். உங்கள் சத்தியம் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் சொன்னது பொய், பணியில் இருந்தது தானே என்று அப்பாவும் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்பா மாட்டேன் என்கிறார். "அவன் பென்ஷன்ல கை வச்சிருவாங்க. அந்த வயசுல அவன் எங்க போவான்?" என்கிறார். நான் எங்கே போவேன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

படிவம் உங்கள் கடைப் பையோடு டெலிபோனுக்கு அடியில் இருக்கிறது.

ரூபினி

---

ஜார்ஜ் டவுன்,
24 மார்ச் 2025

மச்சான் ராமதாஸுக்கு,

நலம்தானே? இங்கே நோன்பு நல்லபடியாகப் போகிறது. புண் ஆறிவிட்டது. செருப்பு போட்டுத்தான் நடக்கிறேன்.

என் ஓய்வூதியத்தைப் பற்றி நீ கவலைப்படுகிறாய் என்று ரூபினி எழுதினாள். இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. பயத்தால் அல்ல. நானே படைப் பதிவகத்துக்கு எழுதி, சத்தியக் காகிதத்தின் ஒரு பிரதியையும் அனுப்பிவிட்டு, அவர்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். விசாரிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் இனிமேல் நீ மறைப்பதற்கு எதுவும் இல்லை. நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு வருவது வரும். வித்தியாசம் பிள்ளைக்கு மட்டும்தான்.

அடுத்த திங்கட்கிழமை பெருநாள் வரும்போல் இருக்கிறது. தொழுகை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டேன். நேரே உன் வீட்டுக்கு வருகிறேன். ஆறு மணிக்கு வர முடியாது, பத்து மணிக்கு வந்துவிடுவேன். அன்று எனக்குப் போன் வந்த நேரம் அது. நீ எழுந்து உள்ளே போய்ச் சாப்பிடு. பன்னிரண்டு வரை நாற்காலியில் நான் இருக்கிறேன்.

அன்று உன்னை நிறுத்திவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன். அந்தச் சோறு இன்னும் இறங்கவில்லை மச்சான்.

சாதிக்

---

சுங்கை பாக்காப்,
4 ஏப்ரல் 2025

சாதிக் மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். வெயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்களே, உடம்பு எப்படி இருக்கிறது? மாமி என்ன சொன்னார்?

நீங்கள் வாசலில் இருந்தபோது உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களைப் பார்த்ததும், "லேட்டு லா, இருபது வருஷம் லேட்டு" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்தாரே, சமையலறைக்கு வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா தோசை ஊற்றினார். மூன்று மாதத்தில் அன்றுதான் அம்மா அவர் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். இரண்டாவது தோசையில் அப்பா கையை நிறுத்தி, "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். அம்மா, "அவரு டூட்டியில இருக்காரு. முடியட்டும்" என்றார். அப்பா குனிந்து மீதியைச் சாப்பிட்டார். தோசையில் கண்ணீர் விழுந்ததை நாங்கள் இருவரும் பார்க்காததுபோல் இருந்தோம்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டதும், நீங்கள் பேனாவை மேசையில் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். உங்கள் முன்னால் கையெழுத்துப் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. உங்கள் கார் திரும்பிப் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு டெலிபோனுக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தார்.

நேற்றுக் கொடுத்துவிட்டேன். பதில் மே மாதம் வரும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உங்கள் ஓய்வூதியத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுங்கள், அப்பா தினமும் கேட்கிறார். என் கோபம் முழுதாகப் போகவில்லை மாமா, பொய் சொல்ல விரும்பவில்லை.

படிவத்தில் 'விபத்தின்போது பணியில் இருந்தவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயரை எழுதினார். பக்கத்தில் தன் படை எண்ணையும், எதையும் பார்க்காமல், ஒரே மூச்சில் எழுதினார். உங்கள் பேனாவை மூடி என்னிடம் நீட்டி, "டூட்டி முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

ரூபினி